தட்டுறதா, தூக்குறதா? டெட் வில்லியம்ஸ், கர்னல் கூட், நம்ம அஸ்வின்

பெருமுக்கல் மலையையும் கோட்டையையும் பத்தி எழுதிட்டிருந்தவன் திடீர்னு பேஸ்பாலைப் பத்தி எழுதினா, "இவனுக்கு என்ன ஆச்சு?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். நான் வாழ்க்கையில ஒரு பேஸ்பால் மேட்சைக் கூட நேர்ல பார்த்தது கிடையாது. ஆனா அந்த ஆட்டத்துல எழுபது, எண்பது வருஷமா ஒரு சண்டை ஓடிட்டிருக்கு. அதைப் படிக்கப் படிக்க இது பேஸ்பால் சண்டையே இல்லை, நம்ம ஊர் ஏரிக்கரை கிரிக்கெட்டுல நடக்கிற அதே சண்டைன்னு தோணிச்சு. அதனால பொறுமையா படிங்க. கடைசியில நம்ம மலைக்கும் வருவோம், சேப்பாக்கத்துக்கும் போவோம்.

சண்டை இதுதான். ஒருத்தன் பலமா அடிக்கிறவன். ஆனா எப்பவும் ஒரே பக்கம்தான் அடிப்பான். எதிர் டீம் கேப்டன் இதைப் பார்த்துட்டு ஆளுங்களை எல்லாம் அந்தப் பக்கமே கொண்டு போய் நிறுத்திடறான். இன்னொரு பக்கம் வெட்ட வெளி. இப்ப அடிக்கிறவன் என்ன பண்ணணும்? காலியா இருக்கிற பக்கம் பந்தைச் சும்மா தட்டி விட்டு ஓடிடணுமா? இல்லை, "எத்தனை பேரை வேணும்னாலும் நிறுத்துடா, நான் என் ஷாட்டைத்தான் அடிப்பேன்"னு நிக்கணுமா?

பேஸ்பால்ல அந்த ஃபீல்டு மாத்துறதுக்குப் பேர் ஷிஃப்ட். பேட்டைச் சுத்தாம, பந்து வர்ற வழியில மெதுவா நீட்டி, பந்தைப் பக்கத்துலயே உருட்டி விடறதுக்குப் பேர் பண்ட். கிரிக்கெட்டுல நாம 'கட்டை போடுறது'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. வித்தியாசம் என்னன்னா, அங்க கட்டை போட்டுட்டு நிக்க முடியாது. பந்து கோட்டுக்குள்ள உருண்டுடுச்சுன்னா ஓடியே ஆகணும். முதல் பேஸுக்குப் பந்துக்கு முன்னாடி போயிட்டா தப்பிச்சோம். இல்லைன்னா அவுட்.

1946: ஒரே நாள்ல ரெண்டு மேட்ச்

டெட் வில்லியம்ஸ்னு ஒருத்தர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீம். இடது கைக்காரர். பேஸ்பால் வரலாற்றுலயே ரொம்ப சுத்தமா அடிச்சவர் யாருன்னு கேட்டா முதல் ரெண்டு மூணு பேர்ல இவர் பேரைச் சொல்லுவாங்க. 1941ல அவரோட பேட்டிங் சராசரி 0.406. அதுக்கப்புறம் அமெரிக்கன் லீக்லயோ நேஷனல் லீக்லயோ ஒரு முழு சீசன்ல 0.400ஐத் தாண்டினவர் இன்னிக்கு வரைக்கும் யாருமே இல்லை. நம்ம பிராட்மேனோட 99.94 மாதிரின்னு வச்சுக்கங்க.

இவர் இடது கைக்காரர்ங்கறதால இவர் அடிக்கிற பந்து பெரும்பாலும் மைதானத்தோட வலப்பக்கம்தான் பறக்கும். 1946 ஜூலை 14 அன்னிக்கு கிளீவ்லேண்ட் டீமோட ஒரே நாள்ல ரெண்டு மேட்ச். முதல் மேட்ச்ல வில்லியம்ஸ் 3 ஹோம் ரன் அடிச்சு, 8 ரன் வர்றதுக்குக் காரணமா இருந்தார். கிளீவ்லேண்டோட கேப்டனும் மேனேஜரும் ஒருத்தரேதான், லூ பூட்ரோ. அவரும் அந்த மேட்ச்ல 4 டபுளும் ஒரு ஹோம் ரன்னும் அடிச்சிருந்தார். இருந்தும் அவர் டீம் 11-10ன்னு தோத்துப் போச்சு. மனுஷனுக்கு எப்படி எரிஞ்சிருக்கும்!

ரெண்டாவது மேட்ச்ல வில்லியம்ஸ் அடிக்க வந்தப்ப பூட்ரோ ஆளுங்களை அப்படியே தூக்கி வலப்பக்கம் நிறுத்திட்டார். இடப்பக்கம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஆள். மூணாவது பேஸ் பக்கம் ஈ, காக்கா கிடையாது. இந்த யோசனை பூட்ரோவுக்கு முன்னாடியே இருந்ததுதான். 1920கள்லயே சை வில்லியம்ஸ்னு இன்னொரு இடது கை அடிதடிக்காரருக்கு இப்படிச் செஞ்சிருக்காங்க. ரெண்டு பேரும் வில்லியம்ஸ், சொந்தம் ஒண்ணும் கிடையாது :-) ஆனா ஊர் உலகம் பூரா பேசினது 1946க்கு அப்புறம்தான்.

டெட் என்ன செஞ்சார்? பெரும்பாலும் அதே வலப்பக்கம்தான் அடிச்சார். அவருக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு. 'எதிராளி ஆசைப்படறதே நான் என் ஸ்விங்கை மாத்தணும்னுதான். மாத்தினா என் பலம் போயிடும்.' இது வெறும் திமிர் கிடையாது. ஒரு கை பழகின வேலையை மாத்தினா பழையதும் கெட்டுப் போகும்ங்கற பயம் எல்லா வேலைக்காரனுக்கும் இருக்கும்.

ஆனா அதே வருஷம் செப்டம்பர் 13 அன்னிக்கு, அதே கிளீவ்லேண்டுக்கு எதிரா, வில்லியம்ஸ் பந்தை இடப்பக்கம் தூக்கி விட்டார். அங்க ஆள் இல்லை. பந்து உருண்டு போயிட்டே இருக்க, இவர் நாலு பேஸையும் ஓடியே சுத்தி வந்துட்டார். பந்து மைதானத்தை விட்டு வெளியே போகாமலே ஹோம் ரன். அவர் மொத்தம் அடிச்ச 521 ஹோம் ரன்ல இப்படி ஓடி எடுத்தது அது ஒண்ணுதான். மேட்ச் 1-0. அந்த ஒரு ரன்ல ரெட் சாக்ஸ் லீக் சாம்பியன் ஆயிட்டாங்க. காலி இடத்துக்கு இதை விட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

அடுத்த மாசம் வேர்ல்டு சீரிஸ். எதிரே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அவங்களும் ஷிஃப்ட் போட்டாங்க. அக்டோபர் 9, மூணாவது மேட்ச். வில்லியம்ஸ் மூணாவது பேஸ் பக்கம் பந்தைத் தட்டி விட்டு ஓடி, சுலபமா முதல் பேஸுக்குப் போயிட்டார். அந்த மேட்ச்சை பாஸ்டன் 4-0ன்னு ஜெயிச்சது. ஆனா பாஸ்டன் பத்திரிகையில ஜெயிச்சதை விடப் பெரிய எழுத்துல வந்தது வில்லியம்ஸ் பண்ட் அடிச்ச சேதி! சிங்கம் புல் தின்ன மாதிரி ஆக்கிட்டாங்க.

கடைசியில சீரிஸ் ஏழு மேட்ச் வரைக்கும் போய் பாஸ்டன் தோத்துடுச்சு. வில்லியம்ஸ் 25க்கு 5, சராசரி 0.200. அஞ்சும் சிங்கிள். சீரிஸுக்கு முன்னாடி ஒரு பயிற்சி மேட்ச்ல அவருக்கு முழங்கையில பந்து பட்டிருந்துச்சுங்கறதையும் சொல்லிடணும், பாவம். 1960 வரைக்கும் ஆடினவருக்கு அப்புறம் இன்னொரு வேர்ல்டு சீரிஸ் கிடைக்கவே இல்லை. வாழ்க்கையில அவருக்குக் கிடைச்ச ஒரே வாய்ப்பு அது.

கொஞ்சம் கணக்கு

சரி, தட்டியிருக்கணுமா கூடாதா? பேச்சை விட்டுட்டுக் கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க, அஞ்சாங் கிளாஸ் கணக்குதான்.

பேஸ்பால்ல ஒருத்தரோட பேட்டிங்கை அளக்க ரெண்டு எண் முக்கியம். ஒண்ணு, அவுட் ஆகாம பேஸுக்குப் போய்ச் சேர்ற விகிதம். இன்னொண்ணு, அடியோட கனம், அதாவது சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ஹோம் ரன்னுக்கு 4ன்னு கூட்டி வகுக்கறது. 1946ல வில்லியம்ஸுக்கு முதல் எண் 0.497, ரெண்டாவது 0.667. ரெண்டையும் கூட்டினா 1.164. பிரமாதமான எண் இது.

இப்ப ஒரு பேச்சுக்கு, காலியா இருக்கிற பக்கம் அவர் பத்து தடவை பண்ட் பண்ணா ஆறு தடவை தப்பிச்சுடறார்னு வைங்க. எல்லாமே சிங்கிள்தான். அப்ப முதல் எண் 0.600, ரெண்டாவதும் 0.600. கூட்டினா 1.200. உலகத்துலயே சிறந்த பேட்டரோட சிறந்த வருஷங்கள்ல ஒண்ணை விட, சும்மா தட்டிட்டு ஓடறது மேல! பத்துக்கு அஞ்சு தடவைதான் தப்பிக்கிறார்னா 1.000 ஆயிடும், அப்ப சுத்துறதே மேல். ஆக கோடு நூத்துக்கு 58ல விழுது. 58க்கு மேல தப்பிக்க முடிஞ்சா தட்டு. கீழேன்னா சுத்து.

இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. முதல் ஓட்டை: பண்ட் பண்றது பார்க்கத்தான் சுலபம். மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்தைக் கோட்டுக்குள்ள உருட்டணும். கோட்டுக்கு வெளியே போனா ஒரு ஸ்டிரைக். ஏற்கெனவே ரெண்டு ஸ்டிரைக் இருந்து, பண்ட் வெளியே போனா நேரா அவுட். அதனால பழகாதவனுக்கு 58 வராது. ரெண்டாவது ஓட்டை: நிலைமை. யாரும் பேஸ்ல இல்லாதப்ப, ஆட்டத்தோட ஆரம்பத்துல, ஒரு சிங்கிள் நல்ல சரக்கு. கடைசி இன்னிங்ஸ், ரெண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்னாடி. இப்ப ஒரே அடியில சமன் பண்ணக்கூடிய ஆள் சிங்கிளுக்குத் தட்டினா, அவருக்குப் பின்னால வர்ற சுமாரான ஆள் தலையிலதான் பாரம் விழும். எதிராளி கேப்டன் மனசுக்குள்ள கைதட்டுவான்.

ஆனா இந்தக் கணக்குல வராத லாபம் ஒண்ணு இருக்கு. நாலு தடவை தட்டிட்டா அஞ்சாவது தடவை எதிராளி ஒரு ஆளையாவது இடப்பக்கம் திருப்பி அனுப்பியே ஆகணும். அப்ப வலப்பக்கம் ஓட்டை விழும். தட்டுறதோட நிஜமான லாபம் அந்த சிங்கிள் இல்லை, தன் பழைய ஷாட்டுக்குத் தானே கதவைத் திறந்து விடறது. வில்லியம்ஸுக்கே இது பின்னால நடந்துச்சு. 1957ல கொஞ்சம் கனமான பேட்டை எடுத்து ஆடினார். பந்து இடப்பக்கமும் போக ஆரம்பிச்சதும் ஷிஃப்ட் தளர்ந்தது. அந்த சீசன்ல 39 வயசைத் தொட்ட மனுஷன் 0.388 அடிச்சார்! 1946லயே இதைச் செஞ்சிருந்தா என்னன்னு யாருக்கும் தோணத்தானே செய்யும்?

நம்ம ஊர் மானப் பிரச்சினை

எங்க பக்கம் கோடையில ஏரி காஞ்சா அதுதான் ஸ்டேடியம். டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும். ஊருக்கு ஒரு 'லெக் சைடு அண்ணன்' இருப்பார். எந்தப் பந்தா இருந்தாலும் ஒரே சுத்து, மிட் விக்கெட்டுக்கு மேல கருவேல மரத்துல போய் விழணும். எதிர் டீம் முட்டாளா என்ன? ஆறு பேரை அந்தப் பக்கம் நிறுத்திட்டு, பந்தை ஆஃப் பக்கம் தள்ளித் தள்ளிப் போடுவான். ஆஃப்ல பாயிண்ட்டும் இல்லை, கவரும் இல்லை. பந்தைச் சும்மா திறந்து விட்டா ரெண்டு ரன்.

அண்ணன் தட்ட மாட்டார். ஏன்னா தட்டினா கரையில உக்காந்திருக்கிறவங்க சும்மா விட மாட்டாங்க. "என்னண்ணே, வளையல் வாங்கித் தரட்டுமா?"ன்னு கேட்ட வாயெல்லாம் எனக்குத் தெரியும். பாஸ்டன் பத்திரிகைக்காரன் பெரிய எழுத்துல போட்டதும் இதேதான், வார்த்தைதான் வேற. அண்ணன் சுத்துவார், பந்து மேல போகும், கீழே ஆறு பேர்ல ஒருத்தன் பிடிப்பான். ஆனா யாரும் அண்ணனைத் திட்ட மாட்டாங்க. "அடிச்சு அவுட் ஆனாருப்பா"ன்னு ஒரு மரியாதை. தட்டி நாப்பது எடுத்தவனுக்கு அந்த மரியாதை கிடையாது.

என் கட்சி என்னன்னா, எதிராளி ஆறு பேரை லெக் சைடுல நிறுத்தறப்ப அவன் நம்பறது அந்த ஆறு பேரை இல்லை. அண்ணனோட மானத்தை. அண்ணன் தட்ட மாட்டார்ங்கற நம்பிக்கைதான் அவனோட ஏழாவது ஃபீல்டர்.

மலையடிவாரத்துல ஒரு பழைய பாடம்

இந்த இடத்துலதான் நம்ம மலை வருது. திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல இருக்கிற பெருமுக்கல் மலையைப் பஸ்ல போறவங்க வெறும் பாறைன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. மேல சிவன் கோயில் இருக்கு, சோழர் காலக் கல்வெட்டு இருக்கு, கோட்டை இருந்த தடமும் இருக்கு. வெள்ளைக்காரன் எழுதி வச்ச புத்தகங்கள்ல இந்த ஊர் 'பெர்மாக்காயில்'. வாயில நுழையலை போல.

கர்நாடகப் போர் சமயம். பிரெஞ்சுக்காரங்க தளபதி லாலி அடிதடி ஆள். 1758 டிசம்பர்ல நேரா மதராஸையே முற்றுகை போட்டார். தூக்கி அடிச்சா ஒரே அடியில ஆட்டம் முடிஞ்சிடும்ங்கற கணக்கு. 1759 பிப்ரவரியில இங்கிலீஷ்காரங்க கப்பல் வந்து சேர்ந்ததும் முற்றுகையை விட்டுட்டுத் திரும்ப வேண்டியதாப் போச்சு. பவுண்டரி லைன்ல கேட்ச் :-)

1760 ஜனவரி 22ல வந்தவாசியில லாலியை ஐர் கூட் தோற்கடிச்சார். புஸ்ஸி கைதியானார். இப்ப பலசாலி யாருன்னா கூட்தான். பிரெஞ்சுக்காரங்க பலமெல்லாம் பாண்டிச்சேரிப் பக்கம் ஒதுங்குது. கூட் நினைச்சிருந்தா லாலி மாதிரியே நேரா பாண்டிச்சேரி மதில்ல போய் முட்டியிருக்கலாம். முட்டலை. எங்கெங்க ஆள் கம்மியோ அங்கெல்லாம் தட்டினார். சேத்துப்பட்டு, ஆற்காடு, நம்ம பெருமுக்கல், கடற்கரையில ஆலம்பரை, அப்புறம் ஏப்ரல்ல காரைக்கால். ஒவ்வொண்ணும் ஒரு சிங்கிள். எல்லாம் விழுந்த பிறகு பாண்டிச்சேரிக்கு வெளியில இருந்து அரிசி வர்ற வழியே இல்லை. கடல்லயும் கப்பல் நிறுத்தி அடைச்சாச்சு. 1761 ஜனவரியில ஊர் பசியில சரணடைஞ்சது. லாலி கைதியாகி, கடைசியில 1766ல பாரிஸ்ல அவர் நாட்டுக்காரங்களே அவர் தலையை எடுத்தாங்க.

இதுல இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. சிங்கிள்னா சும்மா கிடைக்கும்னு அர்த்தமில்லை. பெருமுக்கல் மலையில இருந்தவங்க நல்லாவே எதிர்த்து நின்னாங்க, இங்க நடந்த சண்டையில கூட்டுக்கே காயம். ஆளில்லாத பக்கம்னு தட்டப் போனாலும் அடி விழும். பண்ட் கோட்டுக்கு வெளியே போறதில்லையா, அது மாதிரி. ஆனா மொத்தக் கணக்குல யாருக்கு லாபம்னு சரித்திரம் சொல்லிடுச்சு. கூட்டை யாரும் 'தட்டி ஆடினவன்'னு கேலி பண்ணதா நான் படிச்சதில்லை. ஜெயிச்சவனைக் கேலி பண்றது கஷ்டம்.

போர் வேற, விளையாட்டு வேறங்கறது எனக்கும் தெரியும். அதனால மறுபடி மைதானத்துக்கே போவோம். நம்ம மாநிலத்துக்காரங்க சம்பந்தப்பட்ட ரெண்டு கதை இருக்கு. ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லலைங்கறதுதான் சுவாரஸ்யம்.

சேப்பாக்கம் 1998: தட்டாம ஜெயிச்ச கதை

1998 மார்ச், சேப்பாக்கம் டெஸ்ட். ஆஸ்திரேலியா, ஷேன் வார்ன். முதல் இன்னிங்ஸ்ல டெண்டுல்கர் 4 ரன். வார்ன் பந்துல டெய்லர் கேட்ச். சேப்பாக்கமே பேச்சு மூச்சில்லாம போச்சு. 71 ரன் பின்தங்கின நிலைமையில ரெண்டாவது இன்னிங்ஸ்.

வார்னோட திட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரவுண்டு த விக்கெட் வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே செருப்புத் தடத்துல பிய்ஞ்சு கிடக்கிற இடத்துல பந்தைக் குத்துவார். பந்து எப்படித் திரும்பும்னு பிரம்மாவுக்கும் தெரியாது. பந்து திரும்புற திசைக்கு எதிரா அடிக்காதேங்கறது கிரிக்கெட் வாத்தியார்களோட பாலபாடம். அப்படின்னா காலால தடுத்து, கட்டை போட்டு, கிடைச்ச சிங்கிளைத் தட்டணும். எதிராளி வேண்டிக்கிறதும் அதையேதான்.

டெண்டுல்கர் அதுக்கு முன்னாலயே சென்னையில நம்ம லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டுப் பயிற்சி எடுத்திருந்தார். 17 வயசுல டெஸ்ட் ஆடின நம்ம ஊர் லெக் ஸ்பின்னர். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச்சைக் கீறி விட்டு, சிவா ரவுண்டு த விக்கெட் போட, இவர் மிட் விக்கெட் மேல தூக்கித் தூக்கிப் பழகினார். மேட்ச்ல வார்ன் ரவுண்டு த விக்கெட் வந்தப்ப அதையே செஞ்சார். 191 பந்துல 155 நாட் அவுட், 14 ஃபோர், 4 சிக்ஸர். இந்தியா 4 விக்கெட்டுக்கு 418ல டிக்ளேர். ஆஸ்திரேலியா 168க்கு ஆல் அவுட். 179 ரன்ல ஜெயிச்சோம்.

"பாத்தியா, தட்டாம தூக்கித்தானே ஜெயிச்சார்"னு லெக் சைடு அண்ணன் கட்சிக்காரங்க குதிப்பாங்க. குதிக்கட்டும். ஆனா அவர் தன் வழக்கமான ஷாட்டைப் பிடிவாதமா அடிக்கலை. எதிராளி போட்ட பொறியை முன்கூட்டியே நெட்ல கட்டி வச்சு, அதை உடைக்கிற ஷாட்டைப் பழகிட்டு வந்து அடிச்சார். வில்லியம்ஸோட 1946க்கும் இதுக்கும் அங்கதான் வித்தியாசம்.

இதே டெண்டுல்கர் 2004 ஜனவரியில சிட்னியில நேர் எதிரா செஞ்சார். அந்த சீரிஸ்ல ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டே அவரை எடுத்திட்டிருந்தாங்க. என்ன பண்ணார்? தன்னோட செல்லமான கவர் டிரைவையே பூட்டி வச்சுட்டார். 10 மணி நேரத்துக்கு மேல நின்னு, 436 பந்துல 241 நாட் அவுட். தன் சிறந்த ஷாட்டை வேணாம்னு சொல்றதுக்கு எவ்வளவு மனத்திடம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

அஸ்வின் போட்ட ஷிஃப்ட்

இப்ப ஃபீல்டு நிறுத்தறவன் பக்கம் வருவோம். 2020-21 ஆஸ்திரேலியா சீரிஸ். எதிரே ஸ்டீவ் ஸ்மித். நகர்ந்து நகர்ந்து வந்து எல்லாத்தையும் லெக் சைடுல திருப்பி ரன் சேர்க்கறதுதான் மனுஷனோட பிழைப்பே. நம்ம அஸ்வின் அந்த லெக் சைடுலயே ஆள் போட்டார். கேட்ச் பிடிக்கவும் ஆள், சிங்கிளைத் தடுக்கவும் ஆள். பந்து ஸ்டம்ப் மேலயே. வழக்கமா ஆஃப் ஸ்பின்னருக்கு ஆஃப் பக்கம் ஓட்டை விடக் கூடாதும்பாங்க. இவர் தைரியமா விட்டார்.

அடிலெய்டு: நேரா போன பந்து, ஸ்லிப்ல ரஹானே கேட்ச், ஸ்மித் 1. மெல்பர்ன்: லெக் பக்கம் திருப்பினார், லெக் கல்லியில புஜாரா கேட்ச், ஸ்மித் 0. பூட்ரோ பார்த்திருந்தா எழுந்து நின்னு கைதட்டியிருப்பார்.

சிட்னியில மூணாவது டெஸ்ட். ஸ்மித் வந்ததும் முன்னால இறங்கி வந்து அஸ்வினை ஆட ஆரம்பிச்சார். உக்காந்து திருப்பறதுக்குக் காத்திருக்கலை. ஃபீல்டு மாற வேண்டி வந்தது. மாறினதும் அவரோட பழைய லெக் சைடு சிங்கிள் திரும்பக் கிடைச்சது. முதல் இன்னிங்ஸ்ல 131, ரெண்டாவதுல 81. அந்த முதல் இன்னிங்ஸை முடிச்சு வைக்க ஜடேஜாவோட ரன் அவுட் தேவைப்பட்டது. மேட்ச் டிரா, அதுவும் விஹாரியும் அஸ்வினும் வலியோட நின்னு காப்பாத்தினதால. சீரிஸை நாம 2-1ன்னு ஜெயிச்சோம்ங்கறது வேற கதை.

ஸ்மித் தட்டலை, இறங்கி அடிச்சார். ஆனா செஞ்ச வேலை ஒண்ணுதான்: 'நான் இன்னொண்ணும் செய்வேன்'னு எதிராளியை நம்ப வச்சார். அந்த நம்பிக்கை வந்ததும் ஷிஃப்ட் செத்துப் போச்சு.

சட்டம் போட்டா சரியாயிடுமா?

2010கள்ல அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கணக்கு வந்ததும் ஷிஃப்ட் காட்டுத்தீ மாதிரி பரவிச்சு. 2022ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நேரம் ஏதோ ஒரு ஷிஃப்ட்தான். பெரிய அடிக்காரங்க பெரும்பாலானவங்க பண்ட் பழகலை. ஃபீல்டுக்கு மேல தூக்கி அடிக்கத்தான் பார்த்தாங்க. கடைசியில 2023 சீசன்ல இருந்து சட்டமே போட்டுட்டாங்க: ரெண்டாவது பேஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் நிக்கணும்னு.

கிரிக்கெட்டும் சட்டம் போட்டிருக்கு. 1932-33 பாடிலைன் கலாட்டாவோட நிழல்ல, 1957ல லெக் சைடுல ஸ்கொயருக்குப் பின்னாடி ரெண்டு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு வந்தது. அது நியாயம், ஏன்னா அங்க ஆபத்து உடம்புக்கு. பேஸ்பால் ஷிஃப்ட்ல யார் மண்டையும் உடையலை. காலியா ஒரு பக்கம் திறந்து கிடந்துச்சு. அதை எடுத்துக்கப் பழகறதை விட்டுட்டு 'அவன் அங்க நிக்கக் கூடாது சார்'னு சொன்ன மாதிரிதான் எனக்குப் படுது. ஜனங்க ஹோம் ரன்னும் ஓட்டமும் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கறாங்க, ஆட்டம் சுவாரஸ்யமா இருக்கணும்னு அவங்க தரப்பு. அதுவும் தப்புன்னு சொல்ல முடியாது.

ஆக என் தீர்ப்பு, யாரும் கேக்கலைன்னாலும்: தட்டணும். ஆட்டத்தோட ஆரம்பத்துல, பேஸ் காலியா இருக்கிறப்ப, நெட்ல நூறு தடவை பழகின பிறகு தட்டணும். தினமும் தட்டணும்னு இல்லை, தட்டுவான்னு எதிராளி பயப்படற அளவுக்குத் தட்டினா போதும். கடைசி ஓவர்ல ஆறு வேணும்னா தட்டாதே, சுத்து. அப்ப உன் மேல யாருக்கும் வருத்தம் இருக்காது. ஆனா மூணாவது ஓவர்ல ஆஃப் சைடு பூரா காலியா கிடக்கிறப்ப ஆறு பேருக்கு நடுவுல தூக்கிட்டு வந்து "அடிச்சுத்தான் அவுட் ஆனேன்"னு சொன்னா, அந்த மரியாதையை உனக்குக் குடுத்தது கரையில உக்காந்திருக்கிறவன். நீ விட்டுட்டு வந்த ரன்னை எடுக்க வேண்டியது உனக்கு அடுத்து பேட் கட்டிட்டு இறங்கற சின்னப் பையன்.